இறைச்சிக் கோழிகளின் கணைக்கால் எலும்புக் குறைபாடும் அதனைத் தடுக்கும் வழிகளும்

நெற்செய்கையும் மரக்கறிச் செய்கையும் நடைபெறும் கமங்களில் இறைச்சிக் கோழி வளர்த்தல் பொருத்தமான ஓர் உபதொழிலாகும். நெல் ஆலையிற் கிடைக்கும் உமி கொட்டிலுக்குக் கூளமாகின்றது. கொட்டிலிற் சேரும் எரு மரக்கறிப் பாத்திகளுக்குப் பசளையாகின்றது. ஐந்து ஆறு வாரங்களிற் கோழிகள் விலைப்படுவதனால் ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடையிற் கையிற் பணம் புழங்குகின்றது. ஆயினும், இத்தொழிலில் ஈடுபட்டோர் பலரும் ஒரு நட்டத்தை அறிவர். நன்கு தின்று வளர்ந்துவந்த குஞ்சுகளுட் சில நான்காம் வாரமளவில் நொண்டத் தொடங்குகின்றன. பின்னர் நடத்தலைக் குறைத்து உட்கார்ந்தே இருக்கின்றன. தீன் தொட்டிக்கும் நீர்ப் பாத்திரத்துக்கும் செல்லமாட்டாமல் மெலிகின்றன. ஏனைய கோழிகளால் மிதிபடுகின்றன. உண்ட தீன் அனைத்தும் வீணாகி, விற்கும் தறுவாயில் அவற்றைக் கழிக்க நேரிடுகின்றது.

கால் முடங்குவதற்குக் காரணங்கள் பல உள. அவற்றுள் ஒன்று, கணைக்கால் எலும்பின் மேல்நுனியிற் குருத்தெலும்பானது எலும்பாக மாறாது தேங்கி நிற்கும் குறைபாடாகும். விஞ்ஞானிகள் இதனைத் திபியல் டிஸ்கொண்டிரோபிளேசியா என வழங்குவர். இப்பிரசுரத்தில் இதனைக் குருத்துத் தேக்கம் எனச் சுருக்கமாகக் குறிப்போம். இது ஒரு கோழியிலிருந்து மற்றொரு கோழிக்குத் தொற்றும் நோயன்று. நொண்டுதல் நான்காம் ஐந்தாம் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியினும், குறைபாடு தொடங்குவது முதல் இரண்டு மூன்று வாரங்களிலாகும். எனவே, கால் முடங்கிய பின்னர் மருந்து தேடுவதிற் பயனில்லை. குஞ்சுப் பருவத்திலே தடுத்தலே வழியாகும். தடுக்கும் வழிகளுட் சில கமக்காரரின் தீன் அறையிலும் விதை அறையிலுமே உள்ளன என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

எலும்பு நீளும் விதம்

கறிக்கு வெட்டும் கோழியின் சதைப்பிடிப்பான கீழ்க்கால் துண்டினுள் ஒரு நீண்ட எலும்பு இருப்பதை யாவரும் கண்டிருப்பர். அதுவே கணைக்கால் எலும்பு. வளரும் குஞ்சில் அவ்வெலும்பின் நுனிக்குச் சற்றுக் கீழே மெல்லிய தகடு போன்ற ஒரு குருத்தெலும்புப் படை உண்டு. எலும்பு நீளுவது இத்தகட்டிலிருந்தேயாகும். தகட்டின் மேற்பக்கத்திலுள்ள கலங்கள் பெருகி வரிசை வரிசையாக அடுக்கப்படுகின்றன. கீழே வரவர அவை முதிர்ந்து பருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த பொருளிற் கல்சியமும் பொசுபரசும் படிகின்றன. பின்னர், கீழிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் புகுந்து, முதிர்ந்த குருத்தெலும்பை அகற்றி, அவ்விடத்தில் உறுதியான எலும்பை அமைக்கின்றன.

குருத்துத் தேக்கத்தில் இவ்வொழுங்கு இடையிலே தடைப்படுகின்றது. கலங்கள் பெருகுகின்றன, ஆனால் முழுமையாக முதிர்வதில்லை. இரத்தக் குழாய்களும் அவ்விடத்தினுட் புகுவதில்லை. வாய்க்கால் எட்டாத வயற்கடையைப் போன்று அப்பகுதி ஊட்டமின்றிக் கிடக்கின்றது. எலும்பாக மாறியிருக்க வேண்டிய குருத்து, வெண்ணிறக் கட்டியாகத் தகட்டின் கீழே திரண்டு நிற்கின்றது. கட்டி சிறிதாயின் கோழி நொண்டுவதில்லை. வயதேற அது கரைந்துவிடுதலும் உண்டு. கட்டி பெரிதாயின் எலும்பின் மேல்நுனி வலுவிழந்து, உடற்பாரத்தால் வளைகின்றது. சில வேளைகளில் முறிகின்றது. நாளுக்கு நாள் எடை கூடும் இறைச்சிக் கோழிக்கு இவ்விடத்தில் வலுக் குறைவது பெருந் தீங்காகும்.

ஆராய்ச்சி தொடங்கிய வரலாறு

இக்குறைபாட்டை முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தோர் ஐக்கிய அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீச், நெசைம் என்னும் இருவராவர். அவர்களுடைய அறிக்கை 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1970இல் எடின்பரோ நகரிலிருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தின் சில்லர் இதன் தன்மையை ஆராய்ந்து, இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயரால் அதனைக் குறித்தார். லீச்சும் நெசைமும் 1972இல் மேலும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். குறைபாடுள்ள கோழிகளையே தெரிந்து இனம்பெருக்கிய வழியிற் குறைபாடு மிகுந்தது என்பதையும், தீனிற் குளோரைட்டு மிகுந்தபோது அது மேலும் கூடியது என்பதையும் அவர்கள் காட்டினர். இதனால் இரு உண்மைகள் புலனாயின. ஒன்று, இக்குறைபாட்டுக்குப் பரம்பரையும் ஒரு காரணம். மற்றது, அப்பரம்பரைக் குணம் வெளிப்படுவதும் வெளிப்படாததும் தீனைப் பொறுத்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் யாவும் இவ்விரு வழிகளிலேயே விரிந்தன.

வேகமான வளர்ச்சியும் பரம்பரையும்

இன்றைய இறைச்சிக் கோழி முன்னாளைய கோழி போன்றதன்று. கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய மூன்று இனவழிகள் ஒரே வகைத் தீனில் ஒருங்கே வளர்க்கப்பட்டன. 2014இல் வெளியான முடிவுகளின்படி, 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டு வழிக் கோழியின் சராசரி எடை 905 கிராம். 1978ஆம் ஆண்டு வழியின் எடை 1,808 கிராம். 2005ஆம் ஆண்டு வழியின் எடை 4,202 கிராம். தீன் ஒன்றாயிருந்தும் எடை நான்கு மடங்குக்கு மேலாயிற்று. இவ்வளவு விரைவில் எலும்பு நீளும்போது, முதிர்தலில் ஏற்படும் சிறு தாமதமும் தேக்கமாகிவிடுகின்றது.

இதனை உணர்ந்த இனவிருத்தி நிறுவனங்கள் 1980களின் பிற்பகுதி தொடக்கம் லிக்சிஸ்கோப்பு என்னும் சிறு எக்ஸ் கதிர்க் கருவியைப் பயன்படுத்தலாயின. ஐக்கிய அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவிலே முதலில் ஆக்கப்பட்ட இக்கருவியினால், உயிருள்ள கோழியின் கால் எலும்பைக் கணப்பொழுதிற் பார்க்கலாம். கட்டியுள்ள கோழிகளை இனப்பெருக்கத்திலிருந்து நீக்கியதனால் இக்குறைபாடு முன்னையிலும் குறைந்துள்ளது. ஆயினும் முற்றாக ஒழியவில்லை. இலங்கையில் வளர்க்கப்படும் இறைச்சிக் கோழிகளும் வெளிநாட்டு இனவிருத்தி வழிவந்தவையே. குஞ்சின் பரம்பரையை மாற்றுதல் வளர்ப்போரால் இயலாது. தீனையும் பராமரிப்பையும் செம்மை செய்தல் இயலும்.

கல்சியமும் பொசுபரசும்

1983இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட்சு, வெல்ற்மன் ஆகியோர் தீனிலுள்ள கல்சியத்தின் அளவையும் பொசுபரசின் அளவையும் மாற்றி மாற்றிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கல்சியம் குறைந்து பொசுபரசு மிகுந்த தீனை உண்ட குஞ்சுகளிற் குருத்துத் தேக்கம் மிகுந்தது. ஆகவே, எவ்வளவு கல்சியம் உள்ளது என்பது மட்டுமன்றி, பொசுபரசுக்கு ஏற்ற விகிதத்தில் உள்ளதா என்பதும் முக்கியமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட அட்டவணை, முதல் மூன்று வாரத் தீனிற் கல்சியம் 100க்கு 1 பங்கும், கோழியாற் கொள்ளத்தக்க பொசுபரசு 100க்கு 0.45 பங்கும் இருத்தல் வேண்டும் எனக் குறிக்கின்றது. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதம் நினைவிலிருக்கத்தக்கது.

நெற்செய்கையாளர் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். செலவைக் குறைக்கும் எண்ணத்துடன், வாங்கிய குஞ்சுத் தீனோடு வீட்டிலுள்ள தவிட்டைக் கலப்பது வழக்கம். தவிட்டிற் கல்சியம் மிக அற்பம், பொசுபரசோ மிகுதி. அப்பொசுபரசின் பெரும்பகுதி பைட்டேற்று என்னும் பிணைந்த உருவில் இருப்பதனாற் கோழிக்கு எளிதில் உதவுவதில்லை. அதுமட்டுமன்றி, குடலிலே கல்சியத்தையும் பிணித்து வீணாக்குகின்றது. ஒரு கணக்கைப் பார்ப்போம். கல்சியம் 100க்கு 1 பங்குள்ள 10 கிலோகிராம் தீனில் 100 கிராம் கல்சியம் உண்டு. அதனோடு 3 கிலோகிராம் தவிடு கலந்தாற் கூடுவது ஏறக்குறைய 2 கிராம் கல்சியமே. 13 கிலோகிராம் கலவையில் 102 கிராம் கல்சியம். அதாவது 100க்கு 0.8 பங்கிலும் குறைவு. தீனிற் சேர்க்கப்பட்டிருந்த விற்றமின்களும் அதே அளவில் ஐதாகின்றன. எலும்பு மிக விரைவாக நீளும் வாரங்களில் இவ்வாறு செய்தல் கூடாது.

இதற்கு மாறாக, கால் நொண்டுவதைக் கண்டவுடன் சிப்பித்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தீனிலிடுவதும் தவறாகும். அளவுக்கு மிஞ்சிய கல்சியம் பொசுபரசைக் கோழி கொள்ளாதவாறு தடுத்து, வளர்ச்சியைக் குன்றச் செய்து, எலும்பு மெலிவு நோயை உண்டாக்கும். ஒரு கோணலை நிமிர்த்த மற்றொரு கோணலை உண்டாக்கலாகாது.

உப்புச் சமநிலை பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். தீனிலுள்ள சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றுக்கு மிஞ்சிக் குளோரைட்டு இருப்பின் குருத்துத் தேக்கம் கூடும் என்பதைக் கோர்னெலுக்குப் பின்னர் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளரும் 1978இல் எடுத்துக்காட்டினர். இது பெரும்பாலும் தீன் தயாரிக்கும் ஆலைகள் கவனிக்க வேண்டிய விடயம். வீட்டிலே தீன் கலப்போர், அளவறியாது எந்த உப்பையும் சேர்க்காதிருத்தல் போதுமானது.

விற்றமின் டியும் சூரிய ஒளியும்

குடலிலிருந்து கல்சியம் இரத்தத்திற் சேர்வதற்கு விற்றமின் டி இன்றியமையாதது. இந்த விற்றமின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பின்னரே முழு வலுவுடன் தொழிற்படுகின்றது. அவ்வாறு மாற்றமடைந்த பொருளை நேரடியாகத் தீனிற் சேர்த்தபோது குருத்துத் தேக்கம் பெரிதும் குறைவதை 1989இல் ஜோர்ஜியாவில் எட்வேட்சு கண்டார். ஸ்கொத்லாந்தின் ரொஸ்லின் நிலையத்தில் ரெனி, வைற்கெட், தோர்ப் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், கல்சியமும் பொசுபரசும் சமனற்ற தீனிலுங்கூட இப்பொருள் தேக்கத்தைத் தடுப்பதைக் காட்டியது. குருத்தெலும்புக் கலங்கள் முதிர்வதற்கு இப்பொருள் தேவை என்பது இதனால் விளங்கும். ஆனால் அது கிலோகிராமுக்குச் சில மைக்கிரோகிராம் என்னும் மிக நுண்ணிய அளவிலே சேர்க்கப்படுவது. பயனுக்கும் தீங்குக்கும் இடைவெளி குறுகியது. ஆகையால் அது வீட்டிற் கையாளத்தக்க பொருளன்று.

சாதாரண விற்றமின் டி3 எவ்வளவு வேண்டும் என்பதிலும் கருத்து மாறிவந்துள்ளது. முற்கூறிய 1994ஆம் ஆண்டு அட்டவணை ஒரு கிலோகிராம் தீனுக்கு 200 சருவதேச அலகுகள் போதும் என்றது. வைற்கெட்டும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் இரண்டு வாரங்களிற் குருத்துத் தேக்கத்தை நன்கு தடுப்பதற்கு 10,000 அலகுகள் வரை தேவைப்படலாம் எனக் கண்டனர். இன்றைய தீன் ஆலைகள் பழைய அளவிலும் பன்மடங்கு கூடுதலாகச் சேர்ப்பதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே காரணம். இந்த விற்றமின் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாட்செல்லச் செல்ல வலுவிழக்கும். பழந் தீன் மலிவாகக் கிடைப்பினும் குஞ்சுகளுக்கு வாங்கலாகாது.

சூரிய ஒளியிலுள்ள புறவூதாக் கதிர்கள் தோலிற் படும்போது கோழி தன்னுடலிலேயே விற்றமின் டியை ஆக்கிக்கொள்ளும். புறவூதா ஒளி பெற்ற குஞ்சுகளில் இக்குறைபாடு குறைந்ததை ஜோர்ஜியாவில் 1990களில் நடந்த பரிசோதனைகள் காட்டின. கண்ணாடியூடாக வரும் வெளிச்சத்தில் இப்பயன் கிட்டாது. பக்கங்களிற் கம்பிவலை அடித்த திறந்த கொட்டில்களே நமக்கு ஏற்றவை. குஞ்சுகள் குளிரினின்று பாதுகாக்கப்பட்ட பின்னர், மறைப்புச் சாக்குகளை உயர்த்தி, இளவெயில் உள்ளே விழச் செய்தல் நன்று. எனினும், தீனிலுள்ள விற்றமினுக்கு ஈடாக வெயிலை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

விதைக்குப் பூசிய மருந்தினால் வரும் கேடு

இப்பிரசுரத்திற் கமக்காரர் மிகவும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும். தைராம் என்பது விதைகளைப் பங்கசு நோய்களிலிருந்து காப்பதற்கு உலகின் பல நாடுகளிற் பயன்பட்டுவந்த ஒரு பங்கசுநாசினி. சோளம், பயறு வகைகள், மரக்கறி விதைகள் முதலியவற்றுக்கு இது பூசப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, இது பூசிய விதைகளின் பாவனையையும் விலக்கியது.

தைராம் கோழிக்கு ஆகாது என்பது புதிய செய்தியன்று. இம்மருந்து பூசிய சோளத்தை உண்ட முட்டைக் கோழிகள் மென்மையான ஓடுள்ள முட்டைகளை இட்டமை 1955இலேயே ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. 1983இல் வார்காசு முதலியோர் இதனை வளருங் கோழிகளுக்குக் கொடுத்து, அவற்றின் கணைக்கால் எலும்பிற் குருத்துத் தேக்கம் தோன்றுவதைக் கண்டனர். இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆர்க்கன்சோ மாகாணத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ராத் என்பவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். ஒரு வார வயதுக் குஞ்சுகளுக்கு, ஒரு கிலோகிராம் தீனில் 100 மில்லிகிராம் தைராம் சேர்த்து, இரண்டே நாட்கள் கொடுத்தனர். குருத்தெலும்புத் தகட்டினுட் புகும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் கலங்கள் முதலில் மடிந்தன. இரத்தம் எட்டாத பகுதியிற் குருத்து எலும்பாக மாறாது தேங்கியது. பின்னர் நல்ல தீனைக் கொடுத்தும், அந்த இரு நாட்களின் விளைவு கால்களில் நொண்டலாக வெளிப்பட்டது.

இந்த அளவை விதையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் விதையில் 2 கிராம் தைராம் பூசப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது 2,000 மில்லிகிராம். பரிசோதனையில் தீங்கு செய்த செறிவின் 20 மடங்கு. எனவே, தீன் 19 பங்கோடு அவ்விதை 1 பங்கு கலந்தாலே அத்தீங்கான அளவு வந்துவிடுகின்றது. ஒரு மூடை தீனுக்கு இரண்டொரு சுண்டு விதை என்பது கண்ணுக்கு அற்பமாகத் தோன்றலாம். குஞ்சின் எலும்புக்கு அது அற்பமன்று.

விதைத்து எஞ்சியதை வீணாக்க மனமின்றிக் கோழிக்கு இடுதல் சிக்கனம் போலத் தோன்றும். கழுவி உலர்த்தினாற் போதும் எனச் சிலர் எண்ணுவர். தைராம் நீரில் மிகச் சிறிதளவே கரைவது. ஆதலாற் கழுவுவதால் அது நீங்கிவிடும் என நம்பலாகாது. மருந்து பூசிய விதைகளுக்குப் பெரும்பாலும் செந்நிறம் அல்லது வேறு நிறம் ஊட்டப்பட்டிருக்கும். நிறம் ஊட்டியது எச்சரிக்கைக்காகவேயாம். எந்த மருந்து பூசப்பட்டிருப்பினும், பூசிய விதை மனிதருக்கும் உணவன்று, கால்நடைக்கும் உணவன்று என்பதே விதி. அதனை உண்ட கோழியின் இறைச்சியும் முட்டையும் வீட்டாரின் கலத்துக்கே வருவன என்பதையும் மறத்தலாகாது.

பூஞ்சணம் பிடித்த தானியம்

அலாஸ்காவிலே பனிக்காலம் முழுவதும் வயலிற் கிடந்த தானியத்திலிருந்து பியுசேரியம் என்னும் பங்கசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அது வளர்ந்த தானியத்தை உண்ட இறைச்சிக் குஞ்சுகளுக்குக் குருத்துத் தேக்கம் உண்டாயிற்று. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மிரோச்சாவும் குழுவினரும் 1980களின் நடுப்பகுதியில் அந்தப் பங்கசு சுரக்கும் நச்சுப் பொருளைப் பிரித்தறிந்தனர். நமது வயல்களில் உள்ளதும் அதே பங்கசு என இதனாற் கூறிவிட முடியாது. ஆயினும், ஈரத்திற் கிடந்து பூஞ்சணம் பிடித்த தானியம் பல வகை நஞ்சுகளுக்கு இடமாகும் என்பது உறுதி. மழையில் நனைந்த நெல்லும் சோளமும் மனிதருக்கு உதவாவெனிற் கோழிக்கு உதவும் என்னும் எண்ணம் கைவிடத்தக்கது.

வெளிச்சமும் தீனிடும் ஒழுங்கும்

இரவும் பகலும் விளக்கெரித்துத் தின்னச் செய்தாற் கோழி விரைவிற் கொழுக்கும் என்பது உண்மையே. ஆனால் எலும்பு அவ்வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. 1999இல் டென்மார்க்கு நாட்டிலிருந்து வெளியான ஆராய்ச்சிகள், குஞ்சுப் பருவத்தில் இருளைக் கூட்டுவதும், நாள் முழுவதும் தீனிடாது வேளை குறித்து இடுவதும் கால் பலவீனத்தைக் குறைப்பதைக் காட்டின. 2007ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த ஒழுங்கு, இறைச்சிக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது இருள் வேண்டும் எனவும், அதில் 4 மணி நேரம் இடையறாதிருத்தல் வேண்டும் எனவும் கூறுகின்றது. முதல் சில நாட்களிற் குஞ்சுகளுக்குச் சூடும் வெளிச்சமும் தேவை. அதன்பின் இரவிலே இருள் கொடுப்பதாற் பெரிய நட்டம் வாராது. விளக்குச் செலவும் குறையும்.

கோழி படும் நோவு

கோழி நொண்டுதல் பணநட்டம் மாத்திரமன்று. பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 176 கூட்டங்களைச் சேர்ந்த 51,000 கோழிகளின் நடையைப் பார்வையிட்டு, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரி 40 நாள் வயதில் 100க்கு 27.6 கோழிகள் சரிவர நடக்கவில்லை, 100க்கு 3.3 கோழிகள் பெரும்பாலும் நடக்கவே இயலாதிருந்தன. இவை எல்லாக் காரணங்களாலும் வந்த கால் பலவீனங்களின் தொகையாகும்.

அதே பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு வெளியான மற்றொரு பரிசோதனையிற் கோழிகளுக்கு இரு நிறத் தீன்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் நோவு தணிக்கும் மருந்து கலந்திருந்தது. நொண்டிய கோழிகள் மருந்துள்ள தீனையே நாடிக் கூடுதலாக உண்டன. நொண்டல் கடுமையாகக் கடுமையாக அவை உண்ட மருந்தின் அளவும் கூடியது. வாய் பேசாத உயிரும் தன் நோவை அறிந்து அதற்குப் பரிகாரம் தேடுகின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நடக்கவியலாத கோழியை விற்கும் நாள் வரைக்கும் கொட்டில் மூலையில் விட்டுவைத்தல் முறையன்று.

குறைபாட்டை அறியும் வழி

நொண்டும் கோழிகள் எல்லாம் குருத்துத் தேக்கமுடையன அல்ல. ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டிக் கிடப்பின் மாரெக் நோய் என ஐயுறலாம். குதிமூட்டு வீங்கிப் பின்தசைநார் ஒருபுறம் நழுவியிருப்பின், மங்கனீசு முதலிய சத்துக்களின் குறைவாக இருத்தல் கூடும். எலும்புகளும் அலகும் இரப்பர் போல் வளைந்து, கூட்டத்திற் பெரும்பாலானவை ஒருங்கே தளர்ந்தால் அது எலும்பு மெலிவு நோயாகும்.

குருத்துத் தேக்கத்தை உறுதிசெய்ய, இறந்த அல்லது கறிக்கு அறுத்த கோழியின் கணைக்கால் எலும்பை எடுத்துத் தசையை நீக்கல் வேண்டும். முழங்கால் மூட்டுப் பக்கமுள்ள மேல்நுனியைக் கூரிய கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்க்க. நலமான எலும்பில் மெல்லிய வெண்தகடும், அதன் கீழே சிவந்த கடற்பஞ்சு போன்ற எலும்பும் தெரியும். குறைபாடுள்ள எலும்பில் அத்தகட்டின் கீழே ஆப்புப் போன்ற வெண்ணிறக் குருத்துக் கட்டி இறங்கியிருக்கும். இரு கால்களையும் பார்த்தல் வேண்டும். பல கோழிகளில் இக்கட்டி காணப்படின், பிளந்த எலும்புகளையும் தீனின் மாதிரியையும் எடுத்துக்கொண்டு அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுதல் நன்று.

வளர்ப்போர் கைக்கொள்ள வேண்டியவை

1. முதல் மூன்று வாரங்களும் இறைச்சிக் குஞ்சுகளுக்கென ஆக்கப்பட்ட புதிய தீனையே கொடுத்தல் வேண்டும். தவிடு, குறுணல் முதலியவற்றை அதனோடு கலத்தல் கூடாது.

2. தீன் மூடையின் தயாரிப்புத் திகதியைப் பார்த்து வாங்குக. மூடைகளை நிலத்திற் படாதவாறு பலகைமேல், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க.

3. சிப்பித்தூள், எலும்புத்தூள், விற்றமின் மருந்து ஆகியவற்றைக் கால்நடை வைத்தியரின் ஆலோசனையின்றித் தீனிற் சேர்க்கலாகாது.

4. மருந்து பூசிய விதையைத் தீன் அறையில் வைக்கலாகாது. விதை அளந்த சுண்டு, விதை வந்த சாக்கு, மருந்து கலந்த பாத்திரம் ஆகியவற்றைத் தீனுக்குப் பயன்படுத்தலாகாது.

5. விதைக்கும்போது சிந்திய விதையை மண்ணால் நன்கு மூடுக. எஞ்சிய விதையைப் பூட்டிய பெட்டியிற் பாதுகாத்து அடுத்த போகத்தில் விதைக்க. விதைக்க உதவாததைப் பொதியிற் கூறியவாறு அகற்றுக. குப்பைமேட்டிற் கொட்டினாற் கோழிகள் அதனைக் கிளறித் தின்னும்.

6. பூஞ்சணம் பிடித்த தானியத்தையும் கட்டிபட்ட தீனையும் கோழிக்கு இடலாகாது.

7. முதல் வாரத்தின் பின்னர் இரவில் இடையறாத இருள் கொடுக்க. நெருக்கமாக வளர்ப்பதைத் தவிர்க்க. நடப்பதற்கு இடமுள்ள கோழியின் கால்கள் உறுதியடையும்.

8. இரண்டாம் வார முடிவு தொடக்கம் நாள்தோறும் கொட்டிலினூடு மெதுவாக நடந்து, எழும்பத் தயங்கும் குஞ்சுகளைக் குறித்துக்கொள்க. சிறிது நொண்டுவனவற்றை வேறாக்கி, தீனும் நீரும் எட்டும்படி வைக்க. நடக்கவே இயலாதனவற்றை நோவுறவிடாது உரிய முறையில் விரைவில் அறுத்துவிடுதலே தகும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ் செலவில்லை. கால் முடங்கிய கோழியை நிமிர்த்தும் மருந்து இன்றுவரை இல்லை. குஞ்சு வந்த முதல் இரு வாரங்களில் வளர்ப்போர் காட்டும் கவனமே அதற்கு மருந்தாகும். விதைப் பெட்டியும் தீன் பெட்டியும் வேறு வேறாக இருக்கும் கமத்திற் கோழியின் கால்களுக்கு வரும் கேடுகளுள் ஒன்றேனும் நிச்சயமாக ஒழியும். விதைநேர்த்தி மருந்துகளைப் பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், கோழிகளின் நோய்களைப் பற்றிய ஐயங்களை அரச கால்நடை வைத்தியரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.